பேஸ்பால் உதவிப் பயிற்சியாளர் ஆக ஆசையா? அமெரிக்காவில் எங்கே தொடங்குவது, என்ன பேப்பர், என்ன செலவு

பிள்ளையை பேஸ்பாலில் சேர்த்துவிட்டு, வேலிக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, "நாமும் உள்ளே போய் ஏதாவது செய்யலாமே" என்று தோன்றுகிற கட்டத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே படிக்க வந்து, கல்லூரி அணியோடு ஒட்டிக்கொள்ள வழி தேடும் மாணவர்களுக்கும் பயன்படும். நான் இப்போது கலிபோர்னியாவில் ஒரு உயர்நிலைப் பள்ளி அணிக்கு உதவிப் பயிற்சியாளன். அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் மைதானத்தில் கற்றதைவிட அலுவலக கவுண்டர்களில் நின்று கற்றதுதான் அதிகம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் கேட்டால் "சும்மா வந்து நில்லுங்க, ஏதாவது வேலை கொடுப்பாங்க" என்பார்கள். அவர்களுக்கு அது சரி. நமக்கு விசா இருக்கிறது, கையில் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பு இருக்கிறது, மதியம் மூன்றரைக்கு மீட்டிங் இருக்கிறது.

1. எந்த வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

உதவிப் பயிற்சியாளர் என்பது ஒரே வேலை இல்லை. மேல்மட்டத் தொழில்முறை லீக்கான மேஜர் லீக்கில் ஒரு அணியை எடுத்துக்கொண்டால், தலைவர் மேனேஜர். அவருக்குப் பக்கத்தில் பென்ச் கோச். மேனேஜரை அம்பயர் வெளியேற்றிவிட்டால் பெரும்பாலும் இவர்தான் ஆட்டத்தை நடத்துவார். பந்து வீசும் பிட்சர்களுக்குப் பிட்சிங் கோச், மட்டை அடிப்பவர்களுக்கு ஹிட்டிங் கோச், அவர்களுக்கு உதவியாளர்கள், பிட்சர்கள் கை சூடாக்கும் இடமான புல்பென்னில் ஒருவர், பந்தைப் பிடிக்கும் கேட்சர்களைப் பார்க்க ஒருவர். மைதானத்துக்குள் இரண்டு பேர் நிற்பார்கள். தேர்ட் பேஸ் கோச், ஓடி வருகிறவனை வீடு வரை (ரன் கிடைக்கும் ஹோம் பிளேட் வரை) அனுப்புவதா, நிறுத்துவதா என்று ஒரு நொடியில் முடிவு செய்கிறவர். அனுப்பி அவுட் ஆனால் அரங்கமே இவரைத் திட்டும், சரியாக நிறுத்தினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஃபர்ஸ்ட் பேஸ் கோச் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்சர் கையில் விழும் வரை எத்தனை நொடி என்று பார்த்துக்கொண்டே இருப்பார். 1.3 நொடியை ஒட்டி என்றால் சாதாரணம், 1.5க்குப் போனால் திருடு, அதாவது பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடு, என்று ரன்னரின் காதில் சொல்வார்.

பள்ளியில் இத்தனை பேர் கிடையாது. தலைமைப் பயிற்சியாளர், கூட இரண்டு மூன்று பேர், அவ்வளவுதான். தலைவரே பெரும்பாலும் தேர்ட் பேஸில் நிற்பார். மற்றவர்கள் ஆளுக்கு மூன்று வேலை செய்வார்கள். ஒருவருக்கு ஜேவி அணி, அதாவது சின்ன வகுப்புப் பிள்ளைகளின் அணி, முழுப்பொறுப்பாகவே வந்துவிடும்.

என் கருத்து: ஹிட்டிங் கோச் ஆக வேண்டும் என்று கிளம்பாதீர்கள். மைதானத்தில் நிற்கும் ஒவ்வொரு அப்பாவும் தன்னை ஹிட்டிங் கோச் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தில் கூட்டம் அதிகம். ஆள் கிடைக்காத இடங்கள் வேறு: புல்பென்னில் பிட்சர்களோடு நிற்பது, பந்து எண்ணிக்கை வைப்பது, கேட்சர்களுக்கு முட்டி போட்டுப் பயிற்சி கொடுப்பது, மைதானத்தின் கோடியில் நிற்கும் அவுட்ஃபீல்டர்களுக்குப் பந்து தூக்கி அடித்துக் கொடுப்பது. இதில் ஒன்றைப் பிடித்து, "அதுக்கு அவரைக் கேளுங்க" என்று சொல்ல வைத்துவிட்டால் அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள்.

2. விசாவைப் பாருங்கள், பிறகு விளையாட்டைப் பாருங்கள்

இதை இரண்டாவதாகப் போட்டிருக்கிறேன், ஆனால் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். எச்-1பி என்றால், உங்கள் விசா ஒரு முதலாளிக்கானது. பள்ளி கொடுக்கும் ஸ்டைபெண்ட், பருவத்துக்குச் சில ஆயிரம் டாலர்தான் என்றாலும், அது சம்பளம். அந்தப் பள்ளி மாவட்டம் உங்களுக்காகத் தனியாக இன்னொரு எச்-1பி மனு போட்டால் ஒழிய வாங்கக் கூடாது. ஒரு பேஸ்பால் உதவியாளருக்காக யாரும் அதைச் செய்யப்போவதில்லை. தனியார் கிளப் அணிகள் "1099 போட்டுக் கொடுத்துடறோம், நீங்க கான்ட்ராக்டர்தானே" என்று ரொம்ப இயல்பாகச் சொல்வார்கள் (1099 என்பது கான்ட்ராக்டர்களுக்கான வரிப் படிவம்). அதுவும் கூடாது. வேலை அனுமதி அட்டை இல்லாத எச்-4க்கும் (எச்-1பி ஆளின் குடும்பத்துக்கான விசா) இதே கதைதான்.

"சரி, பணமே வேண்டாம், சும்மா செய்கிறேன்" என்றால்? எல்லோருமே இலவசமாகச் செய்யும் இடத்தில், உதாரணமாக சிறுவர்களுக்கான லிட்டில் லீக்கில், பிரச்சினை இல்லை. ஆனால் வழக்கமாகச் சம்பளம் கொடுத்து நிரப்பும் இடத்தில் நீங்கள் மட்டும் சும்மா உட்கார்ந்தால், அதை அனுமதியில்லாத வேலை என்று பார்க்க இடமிருக்கிறது. பள்ளியில் தன்னார்வப் பயிற்சியாளர் என்று தனி வகை இருக்கிறதா என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கி, குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். பருவ முடிவில் பெற்றோர்கள் சேர்ந்து ஒரு கவரை நீட்டுவார்கள். அதைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள்.

எஃப்-1 மாணவர்களுக்கு வளாகத்துக்குள் வேலை செய்ய அனுமதி உண்டு, வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம். அதில் ஒரு பொறி இருக்கிறது, 7வது பகுதியில் சொல்கிறேன்.

3. லிட்டில் லீக்கில் ஒரு பருவம் செய்யுங்கள்

உங்கள் பிள்ளை அங்கே ஆட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் ஆடினால் சுலபம். அதிகாரப்பூர்வமாக ஒரு அணிக்கு ஒரு மேனேஜர், இரண்டு கோச். வசந்தப் பருவத்துக்கான பதிவு பெரும்பாலான ஊர்களில் முந்தைய இலையுதிர் காலத்திலேயே திறந்து ஜனவரி வாக்கில் மூடிவிடும். பிப்ரவரியில் போய்க் கேட்டால் ஹாட் டாக் கடையில் நிற்கச் சொல்வார்கள். (அதுவும் மோசமான வழி இல்லை. லீக் போர்டு ஆட்கள் எல்லோரும் அங்கேதான் சாப்பிட வருவார்கள்.)

தேவையானவை: தன்னார்வலர் விண்ணப்பம், அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டையின் நகல், பேக்ரவுண்ட் செக், குழந்தைகள் மீதான துன்புறுத்தலைக் கண்டறிவது பற்றிய ஆன்லைன் பயிற்சி. இந்தப் பயிற்சி யுஎஸ்ஏ பேஸ்பால் தளத்தில் இலவசம். எல்லாமே வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியவை. கலிபோர்னியாவில் 2022 முதல் சிறார் அமைப்புகளில் வழக்கமாகப் பணியாற்றும் தன்னார்வலர்களுக்கும் கைரேகை உண்டு. செலவு உங்களுடையதா லீக்கினுடையதா என்பது ஊருக்கு ஊர் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே நீங்கள் கற்க வேண்டிய முதல் விஷயம் பிட்ச் கவுண்ட், அதாவது ஒரு பையன் எத்தனை பந்து வீசினான் என்ற கணக்கு. 9-10 வயதுக்கு ஒரு நாளில் 75 பந்து, 11-12 வயதுக்கு 85, 13 முதல் 16 வரை 95. பதினான்கு வயதுக்குள் இருப்பவர்களுக்கு, 66 பந்து அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு, 51-65 என்றால் மூன்று நாள், 36-50 இரண்டு, 21-35 ஒன்று. 41 பந்து வீசிய பையன் அன்றைக்கு மீதி ஆட்டத்தில் கேட்சராக உட்காரக் கூடாது. இந்த 41ஐ மேனேஜர்கள் ஆட்டச் சூட்டில் மறந்துவிடுவார்கள். அப்போது நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் நின்று "கோச், 38" என்று மெல்லச் சொல்கிற ஆளாக இருங்கள். உங்களுக்கு பேஸ்பால் எவ்வளவு தெரியும் என்று அதற்கப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. 'டாடி பால்' என்று இங்கே சொல்வார்கள், அப்பா கோச் ஆனதால் பிள்ளைக்கு ஷார்ட்ஸ்டாப் என்ற முக்கியமான இடம் கிடைப்பதை. உங்கள் பிள்ளை அணியில் இருந்தால் ஆடும் வரிசை போடும் பேச்சில் வாயைத் திறக்காதீர்கள். நீங்கள் நியாயமாகவே சொன்னாலும் பார்க்கிங் லாட்டில் வேறு மாதிரிப் பேசப்படும்.

4. பள்ளிக்குப் போகுமுன் மாநில விதியைப் பாருங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆறு மாதம் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். டெக்சாஸ் பொதுப் பள்ளிகளில் பயிற்சியாளர் அந்தப் பள்ளி மாவட்டத்தின் முழுநேர ஊழியராக இருக்க வேண்டும் என்பது பொது விதி, விலக்குகள் குறைவு. அதனால் டாலஸிலும் ஆஸ்டினிலும் ஐடி வேலையில் இருந்துகொண்டு பொதுப் பள்ளியில் நுழைவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அங்கே தனியார் பள்ளி அல்லது கிளப் அணிதான் வழி. நியூ ஜெர்சியில் ஆசிரியர் சான்றிதழ் இல்லையென்றால் மாற்று ஆசிரியருக்கான சான்றிதழாவது வாங்க வேண்டியிருக்கும், அதற்குக் கல்லூரி மதிப்பெண் பட்டியலைக் கேட்பார்கள். இந்தியப் பட்டம் என்றால் முதலில் அதை இங்கத்திய கணக்குக்கு மதிப்பிடும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்கியாக வேண்டும். அதற்கே சில வாரம் ஓடிவிடும்.

கலிபோர்னியா இதில் தாராளம். ஆசிரியராக இல்லாமல் வெளியிலிருந்து வருகிறவரை 'வாக்-ஆன் கோச்' என்பார்கள். நிறைய பள்ளிகள் இவர்களை நம்பித்தான் ஓடுகின்றன. கீழே நான் சொல்லும் பேப்பர் வேலை கலிபோர்னியாவைச் சார்ந்தது, ஆனால் வரிசை எல்லா இடத்துக்கும் ஏறக்குறைய பொருந்தும்.

5. பேப்பர் வேலை: இந்த வரிசையில் செய்யுங்கள்

முதலில் தலைமைப் பயிற்சியாளரிடம் பேசுங்கள். செப்டம்பர், அக்டோபரில். மின்னஞ்சலுக்குப் பதில் வராது, இலையுதிர் காலப் பயிற்சி நடக்கும்போது நேரில் போய் நில்லுங்கள். அவர் சரி என்றால் தடகள இயக்குநர் என்று ஒருவர் இருப்பார், அவரிடம் உங்கள் பெயரைக் கொடுப்பார். அவரிடமிருந்து மாவட்ட அலுவலகத்துக்குப் பெயர் போன பிறகே பணம் செலவழிக்க ஆரம்பியுங்கள். இதற்கு முன்பே ஆர்வத்தில் கைரேகை எடுத்தால் காசு வீண், ஏன் என்று இரண்டு பத்தி தள்ளிச் சொல்கிறேன்.

முதலில் காசநோய்ப் பேப்பர். நாலு கேள்வி கொண்ட படிவம்தான். ஆனால் அதில் ஒரு கேள்வி, காசநோய் அதிகமுள்ள நாட்டில் பிறந்தீர்களா, வாழ்ந்தீர்களா என்பது. இந்தியா, இலங்கை என்றால் 'ஆம்', 'ஆம்' என்றால் பரிசோதனை. இங்கே கவனம் தேவை. கையில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கம் பார்க்கும் சோதனைக்குப் போகாதீர்கள். சின்ன வயதில் பிசிஜி போட்டவர்களுக்கு அது பொய்யாகவே பாசிட்டிவ் காட்டக்கூடும், அப்புறம் எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று இழுக்கும். பிசிஜி போட்டிருக்கிறேன், ரத்தப் பரிசோதனை எடுங்கள் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். காப்பீடு பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். கிடைக்கும் சான்றிதழ் நான்கு வருஷத்துக்குச் செல்லும், பத்திரமாக வையுங்கள்.

அடுத்து கைரேகை, லைவ் ஸ்கேன். மாவட்ட அலுவலகம் கொடுக்கும் படிவத்தோடுதான் போக வேண்டும். அந்தப் படிவத்தில் அவர்களுக்கான குறியீட்டு எண் இருக்கும், முடிவு அந்த எண்ணுக்கு மட்டும்தான் போகும். ஒரு இடத்துக்கு எடுத்த ரேகையை இன்னொரு இடத்துக்கு மாற்றவே முடியாது. லிட்டில் லீக்குக்கு எடுத்தது பள்ளிக்கு உதவாது, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு எடுத்தது இந்த ஊர்ப் பள்ளிக்கு உதவாது. மாநிலத்துக்கு 32 டாலர், எஃப்பிஐக்கு 17 டாலர், அதற்கு மேல் ரேகை எடுத்துக் கொடுப்பவரின் கூலி. தன்னார்வலர் என்றால் குறையும். சிலருக்கு இரண்டு நாளில் முடிவு வரும், சிலருக்கு வாரக்கணக்கில் வராது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்கள், ஓட்டுநர் உரிமம், சமூகப் பாதுகாப்பு அட்டை, படிவம் மூன்றிலும் பெயர் ஒரே வரிசையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

முதலுதவி, சிபிஆர் சான்றிதழ். வகுப்புக்கு நூறு டாலரை ஒட்டி ஆகும், இரண்டு வருஷம் செல்லும். முழுக்க ஆன்லைனில் இருபது டாலருக்கு ஒரு சான்றிதழ் விற்பார்கள், அதைப் பல மாவட்டங்கள் ஏற்பதில்லை. பொம்மை நெஞ்சில் கை வைத்து அழுத்தும் பகுதி இருக்கிற வகுப்பாகப் பாருங்கள்.

ஆன்லைன் பாடங்கள். உயர்நிலைப் பள்ளிக் கூட்டமைப்பான என்எஃப்எச்எஸ் தளத்தில் தலைக்காயம் பற்றியது, இதயம் திடீரென நின்றுபோவது பற்றியது இரண்டும் இலவசம், ஒரு மாலையில் முடித்துவிடலாம். பயிற்சியின் அடிப்படைகள் என்ற பாடத்துக்குக் கட்டணம் உண்டு, அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாங்கும்போது மாநிலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் அந்த மாநில விதிகள் அதற்குள்ளேயே வரும். இதைத் தவிர வேறு எந்தத் தனியார் 'சர்டிஃபைட் கோச்' பட்டத்துக்கும் இந்தக் கட்டத்தில் காசு கட்டத் தேவையில்லை.

கடைசியாக மாவட்ட மனிதவளப் பிரிவு. சம்பளம் வாங்குபவர் என்றால் வேலை செய்ய அனுமதி உண்டா என்று சரிபார்க்கும் ஐ-9 படிவம், அடையாள ஆவணங்களின் அசல், வங்கி விவரம். இதெல்லாம் முடிந்தும் பல மாவட்டங்களில் உங்கள் பெயர் பள்ளி வாரியக் கூட்டத்தில் ஒப்புதல் பெற வேண்டும். அந்தக் கூட்டம் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. டிசம்பர் கடைசியில் எல்லா அலுவலகமும் இரண்டு வாரம் மூடியிருக்கும். என் முதல் விண்ணப்பம் ஒரு மாவட்ட அலுவலகத்தில் இப்படித்தான் விடுமுறைக்கும் ஜனவரிக் கூட்டத்துக்கும் நடுவில் சிக்கி, ஒப்புதல் வந்து சேர்ந்தபோது பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் ட்ரையவுட் முடிந்திருந்தது. ட்ரையவுட்டில் இல்லாத பயிற்சியாளரைப் பிள்ளைகள் பந்து பொறுக்க வந்த ஆள் மாதிரிதான் பார்ப்பார்கள். ஆகவே, பிப்ரவரி தொடக்கத்தில் பருவம் என்றால், நவம்பர் நடுவில் எல்லாப் பேப்பரும் அவர்கள் மேஜையில் இருக்க வேண்டும்.

மொத்தச் செலவுக்கு 300 டாலர் ஒதுக்கி வையுங்கள். சில பள்ளிகள் பிறகு திருப்பித் தரும், ரசீதுகளை வைத்திருங்கள்.

6. முதல் பருவம்: நேரமும் சாமான்களும்

எல்லாம் சரியாக இருந்தும் நம் ஆட்கள் பாதியில் விடுவது நேரத்தால்தான். பள்ளிப் பயிற்சி மதியம் 3, 3:30க்குத் தொடங்கும். வாரநாள் ஆட்டங்கள் 4 மணிக்கு, வெளியூர் என்றால் பஸ் அதற்கு முன்பே கிளம்பிவிடும். பிப்ரவரியிலிருந்து மே வரை வாரத்தில் ஐந்தாறு நாள். உங்கள் மேலாளரிடம் முன்கூட்டியே பேசி, காலை ஆறரைக்கு உட்கார்ந்து மூன்று மணிக்கு எழுந்துகொள்ள அனுமதி வாங்காமல் இதில் இறங்காதீர்கள். முடியாது என்றால் தலைமைப் பயிற்சியாளரிடம் "வாரத்தில் மூன்று நாள், புல்பென் மட்டும்" என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். வருவேன் என்று சொல்லி வராமல் இருப்பதைத்தான் அவர்கள் மன்னிப்பதில்லை.

சாமான்களில் முதலில் வாங்க வேண்டியது ஃபங்கோ மட்டை. பயிற்சியில் பந்து அடித்துக் கொடுப்பதற்கென்றே செய்த, நீளமான, ஒல்லியான, எடை குறைந்த மட்டை. 35 அங்குலம் போதும். வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் ஒரு வாளிப் பந்தோடு பழகுங்கள்: சொன்ன இடத்துக்குத் தரைப்பந்து, சொன்ன இடத்துக்கு உயரப் பந்து. கிரிக்கெட் ஆடிய கைக்கு தரைப்பந்து சீக்கிரம் வந்துவிடும். நேராக மேலே தூக்கி கேட்சருக்கு அடிப்பதுதான் கடைசியில் வரும். ஸ்டாப்வாட்ச், பந்து எண்ணும் கிளிக்கர், நோட்டு. ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கச் சொன்னால் ஹெல்மெட் போடுங்கள், உங்கள் லீக்கில் கட்டாயம் இல்லையென்றாலும். 2007 ஜூலையில் டல்சா அணியின் ஃபர்ஸ்ட் பேஸ் கோச் மைக் கூல்பா, அங்கே நின்றுகொண்டிருந்தபோது பட்ட பந்தில் இறந்துபோனார். அடுத்த வருஷத்திலிருந்து தொழில்முறை ஆட்டங்களில் ஹெல்மெட் கட்டாயம் ஆனது.

7. கல்லூரி: கதவு எங்கே இருக்கிறது

முதல் தர டிவிஷன் 1 கல்லூரிகளில் முன்பு தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே சம்பளத்தோடு இரண்டு உதவியாளர், சம்பளமே இல்லாத 'தன்னார்வ' உதவியாளர் ஒருவர் என்று இருந்தது. பெயருக்குத்தான் தன்னார்வம், வேலை மற்றவர்களைப் போலவே. பலர் முகாம்களில் சம்பாதித்து வாடகை கட்டினார்கள். 2023 ஜூலை 1 முதல், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ அந்த வகையை எடுத்துவிட்டது, இப்போது மூன்று உதவியாளர்களுக்குமே சம்பளம் கொடுக்கலாம். கொடுக்கலாம் என்றுதான் விதி, எவ்வளவு என்று இல்லை. பெரிய கான்ஃபரன்ஸ்களில் (கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்குகள்) மேல்மட்ட உதவியாளர்கள் லட்சக்கணக்கான டாலர் வாங்குகிறார்கள், சின்னக் கல்லூரியில் மூன்றாவது ஆளுக்கு வாடகைக்கே போதாது.

மூவரில் ஒருவர் பிட்சிங் கோச். நிறைய கல்லூரிகளில் ஒவ்வொரு பந்தையும் என்ன வீச வேண்டும் என்று அணி உட்காரும் டகவுட்டிலிருந்து இவரே சொல்வார். இன்னொருவர் ஆள் சேர்ப்புப் பொறுப்பாளர். கோடை முழுவதும் காரில், மைதானம் மைதானமாக. பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் வருஷத்தின் ஆகஸ்ட் 1 வரை பிள்ளைகளிடம் நேரடியாகப் பேசக்கூடாது என்ற விதி இருப்பதால், அன்றைக்கு நள்ளிரவு இவர் போன் ஓயாது.

நமக்கான கதவு இரண்டு. இளநிலை மாணவர் என்றால் ஸ்டூடன்ட் மேனேஜர்: துணி, பந்து, வீடியோ, ரேடார் கன் எல்லாம் பார்க்கும் வேலை. முதுநிலை என்றால் கிராஜுவேட் அசிஸ்டென்ட்: டிவிஷன் 2, டிவிஷன் 3, என்ஏஐஏ (சின்னக் கல்லூரிகளுக்கான இன்னொரு அமைப்பு) கல்லூரிகளில் அதிகம். கட்டண விலக்கும் சிறு உதவித்தொகையும் கிடைக்கும். ஆகஸ்டில் சேர, ஜனவரியிலிருந்து தேட ஆரம்பியுங்கள். என்சிஏஏ மார்க்கெட் தளத்தில் அறிவிப்பு வரும். ஆனால் பாதி வேலை ஏபிசிஏ என்ற பயிற்சியாளர் சங்கம் ஜனவரி தொடக்கத்தில் நடத்தும் மாநாட்டின் தாழ்வாரங்களிலேயே முடிந்துவிடுகிறது. தலைமைப் பயிற்சியாளர்கள் மாறும் ஜூன், ஜூலையில் இன்னொரு அலை வரும்.

எஃப்-1 மாணவர்கள் கவனிக்க: உதவித்தொகைக் கடிதத்தைக் கல்லூரி முகப்புத் தாளில், டாலர் கணக்கோடு வாங்கி, மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவம் தருகிற அலுவலகத்தில் கொடுங்கள், வங்கியில் காட்ட வேண்டிய தொகை அந்த அளவுக்குக் குறையும். பொறி என்று சொன்னேனே, அது இதுதான்: 20 மணி நேரம் உச்சவரம்பு. பேஸ்பால் உதவியாளர் யாரும் வாரத்துக்கு 20 மணி நேரத்தில் வேலையை முடிப்பதில்லை. ஒரு வெளியூர்த் தொடரிலேயே அது கரைந்துவிடும். மணிக்கணக்கை யார், எப்படி எழுதுவார்கள் என்று சேருமுன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையும் பயிற்சியாளரையும் ஒரே மின்னஞ்சலில் வைத்துக் கேளுங்கள். படிப்பு முடிந்து ஓபிடியில் (மாணவர்களுக்குக் கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதி) இதே துறையில் வேலை பார்க்க வேண்டுமென்றால் பட்டமும் அதற்குத் தொடர்பானதாக இருக்க வேண்டும், விளையாட்டு மேலாண்மை, உடலியக்கவியல் போல. கணினியில் முதுநிலை படித்துவிட்டு ஓபிடியில் பேஸ்பால் கோச் ஆக முடியாது. பந்தின் சுழற்சித் தரவை அலசும் வேலை என்றால் வாதிட இடமுண்டு. பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி குலுக்கல் கிடையாது என்பது ஒரு ஆறுதல், ஆனால் பயிற்சியாளர் வேலைக்குக் குறிப்பிட்ட பட்டம் தேவை என்று நிரூபிப்பது லேசில்லை.

8. தொழில்முறை அணிகள்: மூன்று பாதை

முன்னாள் வீரர்களுக்குத்தான் என்று முன்பு இருந்தது. இப்போது அப்படி இல்லை. மேட் பிளேக் தொழில்முறை ஆட்டம் ஆடியதே இல்லை. தனிப்பட்ட பயிற்சி கொடுத்து, கிளீவ்லாண்ட் அணியில் சேர்ந்து, 2019 இறுதியில் யாங்கீஸ் அணிக்கே பிட்சிங் கோச் ஆனார். வெஸ் ஜான்சன் ஆர்கன்சாவில் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கி, கல்லூரி கல்லூரியாக ஏறி, 2019 பருவத்துக்கு மினசோட்டா அணியின் பிட்சிங் கோச் ஆனவர். 2022ல் பருவத்தின் நடுவிலேயே அதை விட்டு, எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) வழியாகக் கல்லூரி ஆட்டத்துக்குத் திரும்பினார், பிறகு 2023ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். மேஜர் லீக்தான் மேலே, கல்லூரி கீழே என்ற கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. அலிசா நக்கன் சாஃப்ட்பால் ஆடியவர். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸில் பயிற்சி ஊழியராக நுழைந்து, 2020ல் மேஜர் லீக்கின் முதல் முழுநேரப் பெண் பயிற்சியாளர் ஆனார். 2022 ஏப்ரலில் ஃபர்ஸ்ட் பேஸ் கோச் வெளியேற்றப்பட்டபோது அந்த இடத்தில் போய் நின்றார்.

நம்மவர்களுக்கு நிஜமாகத் திறந்திருக்கும் பாதை தரவு வழியாகத்தான். பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் டிராக்மேன், ராப்சோடோ கருவிகள் கொட்டும் எண்களைப் பிட்சருக்குப் புரிகிற ஒரே ஒரு வாக்கியமாக மாற்றத் தெரிந்த ஆள் எல்லா அணிக்கும் தேவை. அறிவிப்புகள் டீம்வொர்க் ஆன்லைன் தளத்தில், பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருஷம். மேஜர் லீக்குக்கு வீரர்களைத் தயார் செய்யும் மைனர் லீக்கில் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆட்டம், திங்கள் விடுமுறை, சம்பளம் கம்மி. இதில் ஐடி சம்பளத்தை எதிர்பார்த்து வராதீர்கள். வரும் முன் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளுங்கள். முப்பது அணிகளுக்கும் டொமினிக்கன் குடியரசில் அகாடமி இருக்கிறது. அங்கிருந்து வரும் பதினேழு வயதுப் பையனோடு அவன் மொழியில் பேசத் தெரிந்தவருக்கு நேர்காணலில் தனி மதிப்பு.

9. புதுப்பிக்க வேண்டிய தேதிகள்

ஒரு தடவை உள்ளே போனபின் பலரும் இதைக் கோட்டை விடுகிறார்கள். சிபிஆர் இரண்டு வருஷம், அது ஏப்ரலில் முடிகிற மாதிரி இருந்தால் டிசம்பரிலேயே புதுப்பித்துவிடுங்கள். பருவத்தின் நடுவில் முடிந்தால் அன்றைக்கே உங்களை மைதானத்திலிருந்து நிறுத்திவைக்க பள்ளிக்கு உரிமை உண்டு. ஆன்லைன் பாடங்கள் சில ஒவ்வொரு வருஷமும், சில இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. பள்ளி சொல்லும் கணக்கைப் பாருங்கள், தளம் சொல்வதை அல்ல. கைரேகை அதே மாவட்டத்தில் தொடரும் வரை மறுபடி எடுக்க வேண்டியதில்லை, இடையில் ஒரு வருஷம் விட்டுவிட்டால் திரும்பக் கேட்கலாம். வேலை அனுமதி அட்டையில் இருப்பவர்கள், அட்டை முடியும் தேதி பருவத்துக்குள் விழுகிறதா என்று பார்த்து மாவட்ட அலுவலகத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி போனில் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். வெளியூர் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் தடகள இயக்குநர் "உங்க டிபி பேப்பர் காணோம்" என்று மெசேஜ் அனுப்புவார்.